இன்சுலின் இருந்தும் சர்க்கரை ஏன் இறங்குவதில்லை? அரிய மரபணுக் குறைகள் தரும் விடைகள்

உடலில் இன்சுலின் சுரக்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் என்பது எளிதில் விளங்குகிறது. ஆனால் இன்சுலின் போதிய அளவில், சிலரிடம் இயல்பைவிடப் பல மடங்கு சுரந்தும் சர்க்கரை ஏறுகிறதே, அது எதனால்? 90 ஆண்டுகளாக மருத்துவ ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை விட்டபாடில்லை. செல்லில் இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி சரியில்லை என்றார்கள். கொழுப்புதான் காரணம் என்றார்கள். பஞ்சகாலத்து மரபணு என்றார்கள். குற்றம் கணையத்தினுடையதே என்றும் சொன்னார்கள்.

இவற்றில் எது சரி என்று சாதாரண நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு சோதிப்பது கடினம். அவர்களிடம் பருமன், கல்லீரல் கொழுப்பு, உயர்ந்த ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், அதிக இன்சுலின் எல்லாமே சேர்ந்து வருகின்றன. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பிரித்தெடுக்க முடிவதில்லை. ஒரே ஒரு மரபணு பழுதாகிப் பிறந்தவர்களிடம் இந்தக் குழப்பம் குறைவு. பழுது பிறவியிலேயே இருக்கிறது; மற்றவை அதன் பின்னால் வந்தவை. ஆகவே சில நூறு குடும்பங்களில் மட்டும் காணப்படும் நோய்கள் கோடிக்கணக்கானோரின் நோயைப் புரிந்துகொள்ள வழிகாட்டின. அந்த வழி எவ்வளவு தூரம் கொண்டுசெல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கேள்வி எழுந்த விதம்

1936இல் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ஹிம்ஸ்வொர்த் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். நோயாளிக்குக் குடிக்கக் குளுக்கோஸ் கொடுத்து, அதே நேரத்தில் இன்சுலினும் செலுத்தினார். சிலரிடம் சர்க்கரை அடங்கியது. வேறு சிலரிடம் இன்சுலின் செலுத்தியும் ஏறியது. நீரிழிவில் இன்சுலினுக்குப் பணிவது, பணியாதது என இரண்டு வகை உண்டு என்று அவர் எழுதினார். அன்றைக்கு ரத்தத்தில் இன்சுலினை அளக்கும் வழியே கிடையாது. அந்த வழியை 1960இல் நியூயார்க்கின் ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் தந்தார்கள். நடுவயதில் நீரிழிவு வந்த பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, தாராளமாகவே இருக்கிறது என்று அந்த அளவீடு காட்டியது. 1988இல் ஜெரால்டு ரீவன், இன்சுலினுக்கு உடல் பணியாத நிலையான இன்சுலின் எதிர்ப்பை மையமாக வைத்து ரத்த அழுத்தத்தையும் கொழுப்புக் கோளாறுகளையும் ஒரே தொகுப்பாகக் கட்டினார். இன்றைய மருத்துவமனைகளில் புழங்கும் ‘இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்’ என்ற கருத்து பெரும்பாலும் அந்தத் தொகுப்பிலிருந்து வந்தது.

எதிர்ப்பு இருக்கிறது என்று காட்டுவது ஒன்று, அது உடலின் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுவது வேறு. பின்னதற்குத்தான் அரிய நோய்கள் தேவைப்பட்டன.

ஏற்பியில் பழுது

1976இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ரொனால்டு கான், ஜெஃப்ரி ஃபிளையர் முதலியோர் கடுமையான இன்சுலின் எதிர்ப்புள்ள ஒரு சிறு நோயாளிக் கூட்டத்தை விவரித்தார்கள். அதை ஏ, பி என இரண்டாகப் பிரித்தார்கள். பி வகையில் மரபணுக் குறை இல்லை. உடல் தன் இன்சுலின் ஏற்பிக்கே எதிர்ப்பொருள் தயாரித்துவிடுகிறது. ஏ வகை இளம் பெண்களிடம் கண்டது. அவர்களுக்கு ஏற்பியே சரியில்லை. ஏற்பியின் மரபணு 1985இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1988இல் நோயாளிகளிடம் அதன் பிறழ்வுகள் அடையாளம் காணப்பட்டன.

ஏ வகைப் பெண் மருத்துவரிடம் வருவது பெரும்பாலும் சர்க்கரைக்காக அல்ல. பருவமெய்தும் வயது, ஒல்லியான உடல். கழுத்தின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணிபோல் ஆகியிருக்கும். வீட்டில் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பார்கள். முகத்தில் ரோமம் வளரும், மாதவிடாய் ஒழுங்காக வராது. சினைப்பை நீர்க்கட்டி என்று பெயர் வைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. கழுத்துக் கறுப்பும் நீர்க்கட்டியும் பருமனானவர்களிடம் சாதாரணம். ஒல்லியான பெண்ணிடம் கடுமையாகத் தெரியும்போதுதான் சந்தேகம் எழ வேண்டும். இதே குறையுள்ள பையனுக்கு மாதவிடாய்க் கோளாறு என்ற எச்சரிக்கைகூட இல்லை. ஆகவே ஆண்கள் பலர் கண்டுபிடிக்கப்படாமலே போகிறார்கள் என்று கருத இடமுண்டு.

இதே மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் நிலைமை மிகக் கொடியது. டோனஹ்யூ நோய்க்குறியுள்ள குழந்தை கருவிலேயே வளர்ச்சி குன்றிப் பிறக்கிறது. சாப்பிட்டதும் சர்க்கரை மிக அதிகமாகவும், வெறும் வயிற்றில் ஆபத்தான அளவு குறைவாகவும் இருக்கும். பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. ஏற்பி கொஞ்சமாவது வேலை செய்தால் அது ராப்சன்-மெண்டன்ஹால் நோய்க்குறி. அவர்கள் இளமைப் பருவம்வரை வாழக்கூடும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான யூனிட் இன்சுலின் செலுத்தியும் சர்க்கரை அடங்காத நிலை அவர்களுடையது.

இங்கே ஒரு புதிர் உண்டு. டோனஹ்யூ குழந்தையின் தாய் தந்தையிடம் ஏற்பி மரபணுவின் ஒரு பிரதி பழுதாகவே இருக்கிறது. ஆனாலும் அவர்களில் பலர் நலமாக இருக்கிறார்கள். ஏ வகைப் பெண்ணிடமும் பெரும்பாலும் ஒரு பிரதிதான் பழுது. ஆனால் அவளுக்குக் கடும் நோய். ஏற்பி இரண்டு பாதிகள் இணைந்து உருவாவது. ஒரு பிரதி புரதமே தயாரிக்காவிட்டால் மற்றதிலிருந்து வரும் நல்ல பாதிகள் தமக்குள் இணைந்துகொள்கின்றன; எண்ணிக்கை குறையும், வேலை நடக்கும். பழுதான பாதியும் தயாராகி வந்துவிட்டால் அது நல்ல பாதியோடு சேர்ந்து அதையும் செயலிழக்கச் செய்கிறது. கணக்குப்படி நாலில் ஒரு ஏற்பிதான் முழுமையாகத் தேறும். குறைவாக இருப்பதைவிடக் கெட்டுப்போனது கலந்திருப்பது அதிகத் தீங்கு செய்கிறது. ‘எவ்வளவு ஏற்பி இருந்தால் போதும்’ என்ற கேள்விக்கு மனித உடலிலிருந்து கிடைத்த மிகத் தெளிவான விடை இதுதான்.

ஆனால் இந்த விடையைச் சாதாரண நீரிழிவுக்குப் பொருத்திப் பார்த்தபோது ஏமாற்றமே கிடைத்தது. இரண்டாம் வகை நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரின் ஏற்பி மரபணு நன்றாகவே இருக்கிறது.

கொழுப்பில்லாத உடலின் பாடம்

பருமன்தான் இன்சுலின் எதிர்ப்புக்குக் காரணம் என்பது பரவலான நம்பிக்கை. அதை நேருக்கு நேர் மறுப்பதுபோல் இன்னொரு நோய்க் கூட்டம் இருக்கிறது. 1954இல் பிரேசிலில் பெரார்டினெல்லியும் 1959இல் நார்வேயில் சைப்பும் விவரித்த குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்பே கிடையாது. தசை புடைத்து, நரம்பு தெரிந்து, பார்வைக்குப் பயில்வான்போல் இருப்பார்கள். ஆனால் கல்லீரல் கொழுப்பால் வீங்கியிருக்கும். ட்ரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில் ஏறும். பதின்பருவத்திலேயே கடும் நீரிழிவு வந்துவிடும். மருத்துவத்தில் இதற்கு லிப்போடிஸ்ட்ரோஃபி என்று பெயர்.

பகுதி வகை இன்னும் நுட்பமானது. 1974இல் ஸ்காட்லாந்தில் டன்னிகன் விவரித்த குடும்பங்களில் பெண்களின் கை, கால், பிட்டம் பருவமெய்தும் காலத்தில் கொழுப்பிழந்து மெலிகின்றன. முகமும் கழுத்தும் மட்டும் திரள்கின்றன. லேமின் என்னும் உட்கருப் புரதத்தின் மரபணுப் பிறழ்வே காரணம் என்று 2000இல் தெரிந்தது. ஆண்களிடம் இதே மாற்றம் நல்ல உடற்கட்டு என்று பாராட்டப்படுமே தவிர நோய் என்று படாது. கணைய அழற்சியோ இதயநோயோ வந்த பிறகு குடும்பத்தை விசாரித்தால்தான் விஷயம் வெளிவரும்.

கொழுப்பு மிகுந்தாலும் நீரிழிவு, கொழுப்பே இல்லாவிட்டாலும் நீரிழிவு. இந்த முரணிலிருந்துதான் இத்துறையின் வலுவான கருத்து ஒன்று பிறந்தது: சிக்கல் கொழுப்பின் அளவில் அல்ல, அதைப் பத்திரமாகச் சேமிக்கும் இடத்தின் போதாமையில். தோலடிக் கொழுப்புத் திசு நிறைந்துபோனாலோ இல்லாமலே போனாலோ, மிஞ்சிய கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிகிறது. அங்கே இன்சுலின் வேலை கெடுகிறது.

இதற்குத் துணைச் சான்றுகள் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தன. கொழுப்புச் செல்களை உருவாக்கும் பிபார்-காமா புரதத்தின் பிறழ்வு கடும் இன்சுலின் எதிர்ப்பைத் தரும் என்று 1999இல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது. அதே புரதத்தைத் தூண்டும் பயோகிளிட்டசோன் மாத்திரை எடையைக் கூட்டுகிறது, ஆனால் சர்க்கரையைக் குறைக்கிறது. சமோவாத் தீவினரிடம் பரவலாக உள்ள ஒரு மரபணு வேறுபாடு உடல் எடையைக் கூட்டுவதோடு நீரிழிவு அபாயத்தைக் குறைப்பதாகவும் 2016இல் வெளியான ஆய்வு கண்டது. 2017இல், பெருந்தொகை மரபணுத் தரவுகளிலிருந்து இன்சுலின் எதிர்ப்போடு தொடர்புள்ள 53 இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றின் கூட்டு விளைவும் கை கால்களில் கொழுப்புச் சேமிப்புக் குறைவதையே காட்டியது. சாதாரண மனிதர்கள் பலர் லிப்போடிஸ்ட்ரோஃபியின் மிக மெல்லிய சாயலைச் சுமக்கிறார்கள் என்று இதைப் படிக்கலாம். புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக் 2004இல் தம்மையும் லண்டன் நண்பர் ஜான் யட்கினையும் ஒப்பிட்டு வெளியிட்ட படம் இங்கே நினைவுக்கு வருகிறது. இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3, ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஆனால் எடை கூடாமலே கொழுப்பு மிகும் இந்திய உடலின் அந்தத் தன்மையில் மரபணுவின் பங்கு எவ்வளவு, கருவிலும் குழந்தைப் பருவத்திலும் கிடைத்த ஊட்டத்தின் பங்கு எவ்வளவு என்பது தீர்ந்துவிட்ட விஷயமல்ல.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்பிடமும் அல்ல. அது லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், லிப்போடிஸ்ட்ரோஃபி உள்ள 9 பெண் நோயாளிகளுக்கு 4 மாதம் லெப்டின் கொடுத்தபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 1.9 சதவீதப் புள்ளி இறங்கியது. ட்ரைகிளிசரைடு 60 சதவீதம் குறைந்தது. 2014இல் மெட்ரிலெப்டின் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. இந்த வெற்றியே சேமிப்பிடக் கருத்தைச் சற்றுச் சிக்கலாக்குகிறது. லெப்டின் புதிய கொழுப்புத் திசுவை உண்டாக்கவில்லையே! பசியைக் குறைத்ததால் வந்த பலன் எவ்வளவு, கல்லீரலில் நேராக நிகழ்ந்த பலன் எவ்வளவு என்ற விவாதம் நீடிக்கிறது.

ஒரு பெயரில் இரண்டு எதிர்ப்புகள்

அரிய நோய்கள் தந்தவற்றில் ஆக மதிப்புள்ளது இந்தப் பகுதி என்பது என் கணிப்பு. மேலே சொன்ன இரு கூட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் இன்சுலின் எதிர்ப்பு கடுமை. இரண்டிலும் கழுத்துக் கறுப்பு, நீரிழிவு. ஆனால் லிப்போடிஸ்ட்ரோஃபியில் கல்லீரல் கொழுப்பும் ட்ரைகிளிசரைடும் தலைதெறிக்க ஏறுகின்றன. ஏற்பிப் பழுதில் அவை இயல்பாகவே இருக்கின்றன. ராபர்ட் செம்பிள் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஒப்பீடு இதை நோயாளிகளிடம் தெளிவாக நிறுவியது.

இன்சுலின் கல்லீரலில் இரண்டு வேலை செய்கிறது. குளுக்கோஸ் உற்பத்தியை அடக்குகிறது; கொழுப்புத் தயாரிப்பைத் தூண்டுகிறது. ஏற்பியே பழுதானால் இரண்டும் நிற்கும்: சர்க்கரை ஏறும், கொழுப்பு சேராது. சாதாரண நீரிழிவில் முதல் வேலை மட்டும் தடைப்படுகிறது, இரண்டாவது தொடர்கிறது. தடையை மீறக் கணையம் மேலும் மேலும் இன்சுலினை ஊற்ற, அது கல்லீரலில் கொழுப்பாக மாறிக்கொண்டே போகிறது. எலிகளை வைத்து மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்டுஸ்டைனும் 2008இல் இதையே முன்வைத்தார்கள். அப்படியானால் ஏற்பியிலிருந்து இன்சுலினின் கட்டளை செல்லும் பாதை எங்கே கிளை பிரிகிறது? ஏகேடி2 என்ற, ஏற்பிக்குக் கீழுள்ள புரதத்தின் பிறழ்வு 2004இல் ஒரு குடும்பத்தில் காணப்பட்டது. அவ்வகைக் குறையில் கல்லீரல் கொழுப்பு உண்டு. பிரிவு ஏற்பிக்குக் கீழேதான் என்பதற்கு இது ஆதரவு. மிகச் சில நோயாளிகளை நம்பி எழுப்பிய வாதம் என்பதையும் மறக்கக் கூடாது. தவிர, கல்லீரலுக்கு வந்து சேரும் கொழுப்பு அமிலங்களின் வரத்தே போதுமான விளக்கம், பாதைப் பிரிவு தேவையில்லை என்று வாதிடுவோரும் உண்டு.

கணையத்தின் பங்கு

இன்சுலின் எதிர்ப்பு மட்டுமே நீரிழிவைத் தருமா? ஏ வகைப் பெண்களில் சிலர் பல ஆண்டுகள் இயல்பான சர்க்கரையோடு இருக்கிறார்கள். கணையம் ஈடுகொடுக்கும்வரை நோய் வெளிப்படுவதில்லை. எதிர்ப்பும் வேண்டும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் தளரவும் வேண்டும் என்ற நிலைப்பாடே இன்று பெரும்பான்மை ஏற்பைப் பெற்றது.

கணையப் பக்கத்து ஒற்றை மரபணு நோய்கள் அதை உறுதிசெய்கின்றன. ராபர்ட் டாட்டர்சாலும் ஸ்டீஃபன் ஃபாஜன்ஸும் 1970களில் வரையறுத்த எம்.ஓ.டி.ஒய். வகையில் இளவயதில் நீரிழிவு தலைமுறை தலைமுறையாக வருகிறது. இன்சுலின் எதிர்ப்பு இல்லை. குளுக்கோகைனேஸ் மரபணுவின் பிறழ்வில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கும் 145க்கும் இடையில் ஆயுள் முழுக்க நின்றுவிடும். கர்ப்ப காலம் தவிர மருந்தே தேவையில்லை. எச்என்எஃப்1ஏ பிறழ்வில் மெட்ஃபார்மினைவிட சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்குச் சர்க்கரை ஏறத்தாழ 5 மடங்கு அதிகம் இறங்குவதாக 2003இல் கண்டார்கள். பிறந்த 6 மாதத்துக்குள் நீரிழிவு வந்த குழந்தைகள் பலரிடம் பொட்டாசியம் வாயில் ஒன்றின் பிறழ்வு 2004இல் தெரியவந்தது. 2006இல் வெளியான ஆய்வில் அத்தகைய 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறினார்கள். சென்னையிலும் அப்படி மாறிய குழந்தைகள் உண்டு. நாளுக்குப் பல ஊசிகள் என்ற வாழ்க்கையிலிருந்து ஒரு குழந்தை விடுபடுவதைவிட மரபணுப் பரிசோதனைக்கு வேறு நியாயம் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. எம். விஸ்வநாதன், வி. மோகன், அ. ராமச்சந்திரன் முதலியோர் 1985இல், இந்தியரிடையே எம்.ஓ.டி.ஒய். அதிகம் என்று எழுதினார்கள். அன்று மரபணுப் பரிசோதனை கிடையாது. வயதும் குடும்ப வரலாறுமே அளவுகோல். பின்னாளில் சென்னையிலும் வேலூரிலும் மரபணு வரிசையைப் படித்தபோது அந்த அளவுகோலில் தேறியவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டுமே தெரிந்த பிறழ்வு அகப்பட்டது. இரண்டாம் வகை நீரிழிவே 25 வயதில் வரும் சமுதாயத்தில், இளவயது என்பது மரபணு நோய்க்குப் போதிய அடையாளமாகாது.

அரிது என்றால் எங்கே அரிது?

‘அரிய’ என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. கிரீன்லாந்தின் இன்யூட் மக்களைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வு, தசைக்குள் குளுக்கோஸ் நுழைய உதவும் டிபிசி1டி4 புரதத்தை முடக்கும் ஒரு பிறழ்வைக் கண்டது. பிற இடங்களில் ஏறக்குறைய இல்லாத அந்தப் பிறழ்வு அங்கே மரபணுப் பிரதிகளில் 17 சதவீதம். இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு ஏறத்தாழ 10 மடங்கு. அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறுவதில்லை. சாப்பிட்ட பின்னரே ஏறுகிறது. ஆகவே வெறும் வயிற்றுப் பரிசோதனையில் பலர் தப்பிவிடுகிறார்கள்.

ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்த ‘சிக்கன மரபணு’க் கருத்துக்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. பஞ்சத்தில் உயிர்காத்த மரபணு வளமான காலத்தில் நோய் தருகிறது என்பது அக்கருத்து. எனக்கு இது பொருந்தவில்லை. மீனும் கொழுப்பும் மிகுந்த, மாவுப்பொருள் குறைந்த உணவில் இந்தப் பழுதால் கேடு நேரவில்லை என்பதே போதுமான விளக்கமாகலாம். சிறிய மக்கள்தொகையில் தற்செயலாகவும் ஒரு பிறழ்வு பெருகும்.

உறவுத் திருமணமும் இந்தக் கணக்கை மாற்றுகிறது. டோனஹ்யூ, பெரார்டினெல்லி போன்ற நோய்கள் வர இரண்டு பிரதிகளும் பழுதாக வேண்டும். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று மணமுறை உள்ள தென்னிந்தியாவில் இவற்றின் வாய்ப்பு கூடும். இதைக் குடும்பத்தின் மேல் பழியாக அல்லாமல், அடுத்த கர்ப்பத்துக்கு முன் தரவேண்டிய ஆலோசனையாக மருத்துவர்கள் சொல்லவேண்டும்.

அரியதிலிருந்து பொதுவானதுக்கு

அரிய நோய், பொதுவான நோயின் உச்ச வடிவம் என்பது ஒரு நிலைப்பாடு. இரண்டும் வேறு வேறு, முடிவில் மட்டுமே ஒன்றுபோல் தெரிபவை என்பது எதிர் நிலைப்பாடு. 2016இல் வெளியான மிகப் பெரிய மரபணு வரிசை ஆய்வு, அரிய பிறழ்வுகள் இரண்டாம் வகை நீரிழிவின் பெரும்பங்கை விளக்கவில்லை என்று கண்டது. சிறு சிறு விளைவுள்ள பொதுவான வேறுபாடுகளே முன்னே நின்றன. அவற்றில் வலுவான பலவும் எதிர்ப்போடு அல்ல, பீட்டா செல்லோடு தொடர்புடையவை. ஆனால் இதிலும் ஒரு பலவீனம் உண்டு. பெரிய ஆய்வுகளில் எதிர்ப்பைத் துல்லியமாக அளப்பது கடினம். எதிர்ப்பின் மரபணுக்கள் குறைவாகத் தெரிவது அளவுகோலின் குறையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது இடர்ப்பாடு நோயாளிகளைத் தேடும் விதத்தில் இருக்கிறது. மருத்துவமனைக்கு வந்த குடும்பங்களில் பிறழ்வைப் பார்த்துவிட்டு, ‘பிறழ்வு உள்ள எல்லாருக்கும் நோய்’ என்று எழுதிவைத்தோம். பொதுமக்களிடம் வரிசை படித்தபோது, எம்.ஓ.டி.ஒய். மரபணுக்களில் அரிய பிறழ்வுகள் உள்ள பலர் நடுவயதிலும் நலமாக இருந்தார்கள். மற்ற மரபணுக்களும் உடல் எடையும் வாழ்க்கையும் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கின்றன.

என் மதிப்பீட்டில், பொதுவான இன்சுலின் எதிர்ப்பு ஏற்பிப் பழுதைவிட லிப்போடிஸ்ட்ரோஃபிக்கு நெருக்கமானது. சேமிப்பிடக் கருத்துக்கே இப்போதைக்குச் சான்று அதிகம். ஆனால் கல்லீரலிலும் தசையிலும் படிந்த கொழுப்பு எந்த மூலக்கூறு வழியாக இன்சுலினைத் தடுக்கிறது என்பதில் உடன்பாடு இல்லை. அந்தச் சங்கிலி இணையும்வரை அதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது.

தீராமல் நிற்பவை

ஏற்பிப் பழுதுக்கு இன்னும் நல்ல மருந்தில்லை. இன்சுலினை ஒத்த ஐஜிஎஃப்-1 ஹார்மோனைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் சீராக இல்லை. ராப்சன்-மெண்டன்ஹால் நோயாளிகளிடம் மெட்ரிலெப்டின் ஓரளவு உதவியதாகக் குறிப்புகள் உண்டு. பழுதான ஏற்பியை வேறொரு பக்கமாகப் பற்றித் தூண்டும் எதிர்ப்பொருள்கள் ஆய்வகத்தில் நம்பிக்கை தருகின்றன. நோயாளிகளை அவை எட்டவில்லை. நோயாளிகள் இவ்வளவு சிலராக இருக்கும்போது முறையான மருந்துச் சோதனையை நடத்துவதே பெரிய தடை.

மற்றொன்று தரவின் தடை. ஒரு பிறழ்வு கண்டதும் அது நோய் தருவதா, தீங்கற்ற வேறுபாடா என்று தீர்மானிக்க, அதே மக்கள் கூட்டத்தில் நலமாக இருப்பவர்களின் வரிசை தேவை. உலகத் தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பிய மரபினரே மிகுதி. 10,000 இந்தியரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் இந்தப் பள்ளத்தில் ஒரு பகுதியை நிரப்பலாம். ஆயினும் நம் நாட்டில் அகமண வழக்கத்தால் சிறு சிறு கூட்டங்களாக வாழும் சமூகங்கள் ஏராளம். அவை ஒவ்வொன்றிலும் கிரீன்லாந்தில் கண்டதுபோல் உள்ளூரில் மட்டும் பெருகிய பிறழ்வு இருக்கிறதா என்று சொல்ல அந்த எண்ணிக்கை போதுமா என்பது ஐயமே. அதுவரை மரபணு அறிக்கைகள் பலவற்றில் ‘பொருள் உறுதியாகத் தெரியாத வேறுபாடு’ என்ற வரியே முடிவாக வரும். அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று மருத்துவரும் குடும்பமும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.